படம் இருக்கே, காதுக்கு எதுக்குக் கதை?



பதிவு கொஞ்சம் நீளம்தான். ஒரு தே தாரிக் பக்கத்துல வச்சுக்கிட்டு நிதானமா படிங்க.

எங்க தொண்டூழியர் புலனக் குழுவுல வழக்கமா என்ன ஓடும்னு உங்களுக்குத் தெரியும். யார் எத்தனை மணிக்கு வர்றாங்க, வாழை இலை யார் வாங்குறது, வேன் யார் ஓட்டுறது, இவ்வளவுதான். ரெண்டு வாரமா அங்க வேற ஒரு விவாதம் சூடா நடக்குது. குழுவுல இருக்கிற தம்பி ஒருத்தர் ‘ஸ்டார் வார்ஸ்’ வானொலி நாடகத்தைப் பத்திச் சொல்லி, “கேட்டுப் பாருங்க, கருத்து சொல்லுங்க”ன்னார். கருத்துன்னு கேட்டா நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா?

“படம் இருக்கே, அப்புறம் இது எதுக்கு?” “ஹான் சோலோ குரல் இது இல்லையே.” “ஒரே சத்தம், யாரு யாரைச் சுடுறாங்கன்னே புரியல.” “ரொம்ப இழுவை.” “ரேடியோ நாடகம் எல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம்.”

ஒவ்வொரு கருத்தையும் நாங்க மதிக்கிறோம். கேட்கிறவங்களுக்குப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்ல முழு உரிமை உண்டு. ஆனா குழுவுல சில பேர் உட்கார்ந்து முழுசா கேட்டு முடிச்சோம். முடிச்சதும் எங்களுக்குத் தோணினது இதுதான்: வந்த கருத்துல பாதி அந்த நாடகத்தைப் பத்தினதே இல்லை. படத்தை மனசுல வச்சுக்கிட்டு, கண்ணுக்கு வச்ச அளவுகோலால காதை அளந்த கருத்து. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல விவரம் தெரியாதவங்களுக்கு. ‘ஸ்டார் வார்ஸ்’ படம் 1977-ல் வந்தது. நாலு வருஷம் கழிச்சு, 1981-ல், அமெரிக்காவின் பொது வானொலியான என்.பி.ஆர். அதை 13 பகுதியா வானொலி நாடகமா ஒலிபரப்பினாங்க. ஜார்ஜ் லூகாஸ் தான் படிச்ச தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட வானொலி நிலையத்துக்கு அந்த உரிமையை வெறும் 1 டாலருக்குக் கொடுத்தார். எழுதினவர் பிரையன் டேலி. இயக்கினவர் ஜான் மேடன். அவர்தான் பின்னாடி ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ படத்தை இயக்கினார். லூக்காக மார்க் ஹேமிலும், தங்க நிற ரோபோ சி-3பிஓ-வாக ஆண்டனி டேனியல்ஸும் படத்துல வந்த அதே ஆளுங்க. மத்த முக்கியக் குரல்கள் பெரும்பாலும் புதுசு. ஜான் வில்லியம்ஸ் இசையும் பென் பர்ட் செய்த ஒலிகளும் படத்திலிருந்தே வந்தவை.

இப்ப கருத்துகளுக்கு வருவோம்.

“படம் இருக்கே, எதுக்கு?”

படம் சுமார் ரெண்டு மணி நேரம். நாடகம் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். கூடுதல் நாலு மணி நேரத்துல என்ன வச்சிருக்காங்கன்னு பார்க்கணும். முதல் பகுதி முழுக்க லூக் அந்தப் பாலைவனக் கிரகத்துல நண்பர்களோட எப்படி வாழ்ந்தான், அவனுக்கு அங்க ஏன் மூச்சு முட்டுச்சுன்னு போகுது. ரெண்டாம் பகுதி இளவரசி லேயாவோடது. அவங்க சொந்தக் கிரகமான ஆல்டரான்ல, அவங்க அப்பாவோட, அவங்க வீட்டுக்குள்ள நடக்கிறது. படத்துல இது எதுவும் கிடையாது.

இதனால என்ன ஆகுதுன்னு கவனிங்க. படத்துல ஆல்டரான் வெடிக்கிறது சில வினாடி. திரையில ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். நாம அந்த ஊரைப் பார்த்ததே இல்லை, அங்க ஒருத்தரையும் தெரியாது. அதனால நமக்கு வலிக்கிறதும் இல்லை. நாடகத்துல அந்தக் கிரகத்துல ஒரு வீடு இருக்கு, அதுல ஒரு அப்பா இருக்கார். மகள் அவர்கூட வாக்குவாதம் பண்ணதை நாம பக்கத்துல இருந்து கேட்டுட்டோம். பிறகு அந்தக் கிரகம் போகும்போது போறது அந்த அப்பா. எங்க குழுவுல ஒரு அக்கா அந்தப் பகுதி முடிஞ்சதும் வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த கையை நிறுத்திட்டாங்க. “படத்துல இந்த இடத்துல பாப்கார்ன் சாப்பிட்டேன்”னு மட்டும் சொன்னாங்க.

படம் இருக்கும்போது எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு எங்க பதில் இதுதான். ஒரே கதையை ரெண்டு விதமா சொல்லலாம். படம் தூரத்தைக் காட்டுது, நாடகம் பக்கத்துல உட்கார வைக்குது.

“குரல் சரியில்லை.”

இந்தக் குறை நியாயமான குறை. ஹான் சோலோன்னா ஹாரிசன் ஃபோர்டு குரல் மனசுல ஒட்டிக்கிச்சு. நாடகத்துல பெர்ரி கிங் பேசுறார். முதல் ரெண்டு தடவை நமக்கும் ஒட்டலை. ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்ம வீட்டுல டப்பிங் படம் பார்க்காதவங்க யாரு? இந்திப் படமும் தெலுங்குப் படமும் தமிழ்க் குரல்ல கேட்டு அழுதிருக்கோம், சிரிச்சிருக்கோம். அரை மணி நேரத்துல காது பழகிடும். வேடர் விஷயமே வேற. பிராக் பீட்டர்ஸ் பேசியிருக்கார். லேயாவை விசாரிக்கிற இடத்துல படம் கதவைச் சாத்திடும், நாடகம் உள்ளயே நிக்கும். அங்க முகமூடி தெரியாது, கறுப்பு உடை தெரியாது, குரல் மட்டும்தான். எங்களுக்குப் படத்தை விடப் பயமா இருந்தது.

“யாரு யாரைச் சுடுறாங்கன்னே புரியல.”

இதை நாங்களும் ஒத்துக்கிறோம். விண்வெளிச் சண்டைக் காட்சிகள்தான் இந்த நாடகத்தோட பலவீனம். கப்பல் வர்ற சத்தம், சுடுற சத்தம், கத்துற சத்தம், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. அதைச் சமாளிக்கிறதுக்காகப் பாத்திரங்களே “அதோ ஒண்ணு வருது, இதோ ஒண்ணு போகுது”ன்னு வர்ணனை கொடுக்க வேண்டி வருது. உயிருக்குப் போராடுற ஆளு காற்பந்து வர்ணனையாளர் மாதிரி பேசினா கொஞ்சம் சிரிப்புதான் வருது.

இதுக்கு வேற வழி இருக்குன்னு காட்டினது பி.பி.சி. 1978 மார்ச் 8, புதன்கிழமை இரவு 10.30 மணிக்கு ரேடியோ 4-ல் பெரிய விளம்பரம் எதுவும் இல்லாம ஒரு நாடகம் ஆரம்பிச்சது. டக்ளஸ் ஆடம்ஸ் எழுதின ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு தி கேலக்ஸி’. அதுல கதை சொல்றது ஒரு புத்தகம். அந்தப் புத்தகமே ஒரு பாத்திரம், அதுக்குன்னு ஒரு நக்கல் இருக்கு. அதனால வர்ணனை வரும்போது கேட்கிறவங்களுக்கு அலுக்கலை, வர்ணனைக்காகவே காத்திருந்தாங்க. தூங்கப் போற நேரத்துல வந்த நாடகம், கேட்டவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிச் சொல்லியே பேர் எடுத்தது. பிறகுதான் அது புத்தகமாச்சு, தொலைக்காட்சித் தொடராச்சு, படமாச்சு. காதுல பிறந்த கதை கண்ணுக்குப் போச்சு. “ரேடியோன்னா படத்தோட மிச்சம்”னு நினைக்கிறவங்க இதைக் கவனிக்கணும்.

“ரொம்ப இழுவை.”

இதுக்கும் ஒரு பழைய உதாரணம் இருக்கு. பி.பி.சி. 1953-ல் சார்லஸ் சில்ட்டன் எழுதின ‘ஜர்னி இன்டு ஸ்பேஸ்’ தொடரை ஒலிபரப்ப ஆரம்பிச்சாங்க. நிலாவுக்குப் போற கதை. ஆனா தொடக்கப் பகுதிகள் பூமியிலேயே நடந்தது. ராக்கெட் கிளம்பின பிறகுதான் தொடர் சூடு பிடிச்சது. அந்த முதல் தொடரைப் பின்னாடி 1958-ல் திரும்பப் பதிவு செஞ்சப்ப, பூமியில நடந்த அந்தத் தொடக்கத்தை வெட்டிட்டுச் சுருக்கமா எடுத்தாங்க. அதாவது இழுவைன்னு சொல்றது சில நேரம் சரியான கருத்துதான், எழுதினவங்களே அதை ஏத்துக்குவாங்க.

அதே தொடர்தான் 1950-களின் நடுவில் பிரிட்டன்ல தொலைக்காட்சியை விட அதிகப் பேரை ராத்திரி நேரத்துல இழுத்து வச்ச கடைசி வானொலி நிகழ்ச்சின்னு இன்னிக்கும் சொல்லப்படுது. முதல் வாரத்தோட நிறுத்திட்டுப் போனவங்களுக்கு அந்த அனுபவம் கிடைச்சிருக்காது.

இன்னொரு விஷயமும் இருக்கு. முழுசா கேட்காம முடிவு பண்ணா என்ன ஆகும்னு ஒரு பெரிய பாடமே இருக்கு. 1938 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஆர்சன் வெல்ஸ் குழுவினர் சி.பி.எஸ். வானொலியில ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ நாடகத்தைச் செய்தி அறிக்கை மாதிரியே போட்டாங்க. நியூ ஜெர்சியில் குரோவர்ஸ் மில்ங்கிற இடத்துல செவ்வாய்க் கிரகத்து ஆளுங்க இறங்கிட்டாங்கன்னு கதை. தொடக்கத்துலயே இது நாடகம்னு சொன்னாங்க. நடுவுல வந்து கேட்டவங்களுக்கு அது தெரியல. சிலர் நிஜமாவே பயந்தாங்க.

ஆனா மறுநாள் பத்திரிகைகள் நாடே நடுங்கிப்போச்சுன்னு எழுதினது மிகை. அன்னிக்கு ராத்திரி தொலைபேசியில எடுத்த கணக்கெடுப்புல 100-க்கு 2 பேர்தான் அந்த நிகழ்ச்சியைக் கேட்டதாச் சொன்னாங்க. பல பேர் வேற நிலையத்துல நகைச்சுவை நிகழ்ச்சி கேட்டுக்கிட்டிருந்தாங்க. வெல்ஸுக்கு வந்த கடிதங்கள்லயும் திட்டை விடப் பாராட்டே அதிகம். கேட்டவங்க என்ன நினைச்சாங்கன்னு கேட்காமலேயே, கேட்டவங்க முட்டாள்னு ஊர் முடிவு பண்ணிடுச்சு. அந்தப் பேர் 80 வருஷத்துக்கு மேலாகியும் போகலை. கேட்கிறவங்க தங்கள் கருத்தைத் தாங்களே எழுதி வைக்கலைன்னா, வேற யாராவது அவங்களுக்காக எழுதிடுவாங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றோம். நம்ம கருத்துக்கு என்ன மதிப்பு?

‘ஸ்டார் வார்ஸ்’ நாடகம் ஒலிபரப்பானப்ப என்.பி.ஆர். நிலையங்களுக்கு ஒரே வாரத்துல 50,000 கடிதமும் தொலைபேசி அழைப்பும் வந்ததாக் கணக்கு. கேட்கிறவங்க எண்ணிக்கை 40 விழுக்காடு கூடினதாவும் சொன்னாங்க. அதோட பலன், 1983-ல் ரெண்டாவது படத்தையும் 10 பகுதியா எடுத்தாங்க. யாரோ ஒருத்தர் அஞ்சல் தலை ஒட்டி நாலு வரி எழுதிப் போட்டதுதான் அடுத்த தொடராச்சு.

ஆனா மூணாவது? அதுக்குள்ள பணப் பிரச்சினை வந்துடுச்சு. பொது வானொலிக்குக் காசு குறைஞ்சது. மூணாவது கதை நாடகமா வர 1996 ஆயிடுச்சு, அதுவும் 6 பகுதிதான். 13 வருஷ இடைவெளியில எல்லாம் மாறிப்போச்சு. லூக் குரலுக்கு மார்க் ஹேமில் வரல, வேற ஒருத்தர் பேசினார். மூணு தொடரையும் எழுதின பிரையன் டேலி அந்தக் கடைசித் தொடர் பதிவான அதே 1996 பிப்ரவரியில் புற்றுநோயால் இறந்துட்டார். அது ஒலிபரப்பாகி வந்த கருத்து எதையும் அவர் கேட்கவே இல்லை.

இது எங்களை ரொம்ப யோசிக்க வச்சது. பாராட்டு தாமதமா வந்தா, பாராட்ட ஆள் இருக்க மாட்டாங்க.

நம்ம ஊருக்கு வருவோம். தோட்டப்புறத்துல லயத்து வீட்டு வாசல்ல ஒரு ரேடியோவைச் சுத்தி நாலு குடும்பம் உட்கார்ந்து நாடகம் கேட்டதை நம்ம பாட்டிமாருங்க இன்னிக்கும் சொல்வாங்க. அவங்களுக்குக் காதால கதை பார்க்கத் தெரியும். அந்தப் பழக்கம் நம்ம தலைமுறையில தேஞ்சு போச்சு. காரணம் தொழில்நுட்பம்னு மட்டும் சொல்லித் தப்பிச்சுக்க முடியாது. தம்பி தங்கச்சிங்க மணிக்கணக்கா காதுல கருவியை மாட்டிக்கிட்டு வலையொளி கேட்கிறாங்க. காது திறந்துதான் இருக்கு. அதுல போட நம்ம மொழியில விண்வெளிக் கதை எத்தனை இருக்குன்னுதான் கேள்வி.

“தமிழ்ல அறிவியல் கதை எடுத்தா யார் கேட்பா?”ன்னு சொல்றவங்க உண்டு. நாங்க கேட்கிறோம்: கோலாலம்பூர்ல இருந்து ஜொகூர் பாரு வரைக்கும் நெடுஞ்சாலையில நாலு மணி நேரம் லாரி ஓட்டுற அண்ணன் கேட்க மாட்டாரா? பாலத்துல ஜாம்ல மாட்டிக்கிட்டு நிக்கிற பேருந்துல இருக்கிற பிள்ளைங்க? ராத்திரி முழுக்கக் காவல் வேலை பார்க்கிற அங்கிள்? நூறு பேருக்குக் காய் வெட்டுற நாங்க? கை வேலையா இருக்கும்போது கண்ணைக் கொடுக்க முடியாது, காதைக் கொடுக்கலாம்.

எல்லாத்தையும் விடப் பெரிய விஷயம் ஒண்ணு. எங்ககூட வேலை செய்யுற பெரியவர் ஒருத்தருக்குப் பார்வை ரொம்பக் குறைஞ்சு போச்சு. படம் போட்டா அவருக்குப் பக்கத்துல இருக்கிறவங்க சொல்லிக்கிட்டே இருக்கணும். இந்த நாடகத்தை எல்லாரும் சேர்ந்து கேட்டப்ப யாரும் அவருக்கு எதையும் விளக்கத் தேவைப்படலை. எங்களுக்கு முன்னாடியே அவர் குரல் பிரிச்சுச் சொன்னார், “இது அவன்தான், மறுபடி வந்துட்டான்”னு. அங்க அவர்தான் எங்களுக்கு வழிகாட்டி. ரேடியோ நாடகம் தாத்தா காலத்துச் சமாச்சாரம்னு சொல்றவங்க, அந்தத் தாத்தாவும் நம்மளும் ஒரே பாயில உட்கார்ந்து ஒரே கதையைச் சமமா அனுபவிக்க இன்னிக்கு வேற என்ன இருக்குன்னு சொல்லட்டும்.

அதனால எங்க வேண்டுகோள் நாலுதான்.

ஒண்ணு, ரெண்டு பகுதியாவது முழுசா கேட்டுட்டுக் கருத்து சொல்லுங்க. பத்து நிமிஷம் கேட்டுட்டு “போர்”னு போடுறது கருத்து கிடையாது, அது கொட்டாவி.

ரெண்டு, குறை சொன்னா எந்த இடத்துல, என்ன குறைன்னு சொல்லுங்க. “சத்தம் அதிகம்”னு சொல்றதை விட “சண்டை நடக்கிற இடத்துல யார் பேசுறாங்கன்னு தெரியல”ன்னு சொன்னா, எடுக்கிறவங்களுக்கு உதவும். திட்டுறதுக்கும் திருத்துறதுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

மூணு, பிடிச்சிருந்தா அதைப் புலனக் குழுவோட நிறுத்தாதீங்க. நம்ம மின்னல், நம்ம ஒலி, இன்னும் சின்னதா வலையொளி நடத்துற நம்ம பிள்ளைங்க, இவங்களுக்கு நேரா எழுதுங்க. “தமிழ்ல இப்படி ஒரு அறிவியல் நாடகம் போடுங்க, நாங்க கேட்கிறோம்”னு நாலு வரி போதும். குழுவுக்குள்ள போடுற கட்டை விரலை நிலையத்துல யாரும் எண்ண மாட்டாங்க. கடிதத்தை எண்ணுவாங்க.

நாலு, நம்ம பிள்ளைங்க யாராவது கைப்பேசியில ரெண்டு குரலும் கொஞ்சம் சத்தமும் வச்சு ஒரு கதை செஞ்சு அனுப்பினா, முதல்ல கேளுங்க, அப்புறம் காசோ நேரமோ முடிஞ்சதைக் கொடுங்க. அன்பு மட்டும் இருந்து காசு இல்லாம மூணாவது தொடர் 13 வருஷம் காத்திருந்ததை மேல பார்த்தோம்.

திருக்குறள்ல ‘கேள்வி’ன்னு ஒரு அதிகாரமே இருக்கு. அங்க அந்தச் சொல்லுக்குக் கேட்டு அறியுறதுன்னு பொருள். இன்னிக்கு அதே சொல்லை நாம கேள்வி கேட்கிறதுக்குத்தான் அதிகமா பயன்படுத்துறோம். ரெண்டும் வேணும். ஆனா வரிசை முக்கியம். முதல்ல காது, அப்புறம் வாய்.

நீங்க கேட்ட அறிவியல் வானொலி நாடகம் எது, எந்த மொழியா இருந்தாலும் சரி, அதுல எது பிடிச்சது, எது பிடிக்கலைன்னு கீழ எழுதுங்க. திட்டினாலும் பரவாயில்லை, கேட்டுட்டுத் திட்டுங்க. நாங்க எல்லாத்தையும் படிப்போம்.